அச்சமும் மருட்கையும்: இளஞ்சிறார் கல்வியில் பூதம்

குழந்தையை உண்ணச் செய்யவும், உறங்கச் செய்யவும், அழுகையை அடக்கவும் நம் வீடுகளில் நெடுங்காலமாக அழைக்கப்பெறும் துணை ஒன்று உண்டு. சிலர் அதனைப் பூச்சாண்டி என்பர். சிலர் பூதம் என்பர். சிலர் பெயரே கூறாது இருட்டைச் சுட்டி, ‘அதோ வருகிறது’ என்பர். பெயர் எதுவாயினும் பயன் ஒன்றே. குழந்தை வாயை மூடிக்கொள்ளும். இங்ஙனம் வாயை மூடுதற்குப் பயன்படுத்தப்பெற்ற பூதத்தையே குழந்தை வாய் திறந்து பேசவும், எண்ணவும், அளக்கவும், வரையவும் பயன்படுத்தலாம் என்பர் இக்காலக் கல்வியாளர் பலர். பூதம் என்னும் ஒரு பொருளை நடுவாக வைத்து மொழி, கணக்கு, இயற்கை அறிவு, ஓவியம் ஆகிய பலவற்றையும் ஐந்து முதல் எட்டு அகவை வரையுள்ள சிறார்க்குக் கற்பிக்கும் முறை மேனாட்டுத் தொடக்கப்பள்ளிகளில் வழக்காகிவிட்டது. அம்முறை தமிழ்ச் சிறார்க்குப் பொருந்துமா, பொருந்துமாயின் எவ்வரையறையுடன் பொருந்தும் என்பதனைத் தமிழ் இலக்கியத்தின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடக்கக் கல்வியைப் பற்றிய ஆராய்ச்சி பல்கலைக்கழகத் தமிழ்த்துறைக்கு உரியதன்று என்று கருதுவார் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. பூதமும் பேயும் அரக்கரும் நம் இலக்கியத்தில் நிறைந்துள்ளனர். அவற்றுள் எது சிறார்க்கு உரியது, எது உரியதன்று எனத் தேர்ந்து கொடுக்க வல்லவர் அவ்விலக்கியத்தைக் கற்றவரே. அவர் வாளா இருப்பின், நம் சிறார் பிற நாட்டுப் பூதங்களை மட்டுமே அறிந்து வளர்வர்.

பொருளை நடுவாகக் கொண்ட கல்வி

பாடங்களைத் தனித்தனியே பிரித்துக் கற்பியாமல் ஒரு செயலையோ பொருளையோ சூழ அமைத்துக் கற்பித்தல் புதியதன்று. அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் 1918இல் வெளியிட்ட கட்டுரையில் செயல்திட்ட முறையை விளக்கினார். நம் நாட்டில் 1937இல் வார்தாவில் உருப்பெற்ற காந்தியடிகளின் ஆதாரக் கல்வி, நூற்றல் முதலிய கைத்தொழிலை நடுவாகக் கொண்டு பிற பாடங்களை அதனோடு இணைத்தது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கப்பெற்ற ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் ஒன்று முதல் மூன்று வரையுள்ள வகுப்புகளில் கதை, பாடல், செயல்பாடு ஆகியவற்றின் வழியே மொழியையும் கணக்கையும் பயிற்ற முற்பட்டது.

நடுவாகக் கொள்ளும் பொருளுக்கு இரண்டு தகுதிகள் வேண்டும். முதலாவது, குழந்தையின் உள்ளத்தை அது தானே இழுத்தல் வேண்டும். இரண்டாவது, பல பாடங்களுக்கு அது இடம் தருதல் வேண்டும். பூதத்திற்கு முதல் தகுதி உண்டென்பதை மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. இரண்டாம் தகுதி உண்டா என்பதற்கு விடை தொல்காப்பியத்தில் உள்ளது.

மெய்ப்பாட்டியல் காட்டும் வழி

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் அச்சத்தையும் மருட்கையையும் வெவ்வேறாக வைத்தார். அச்சம் பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பேராசிரியர் தம் உரையில் அணங்கு என்பதனுள் பேயையும் பூதத்தையும் அடக்குவர். இறை என்பதனுள் தந்தையரையும் ஆசிரியரையும் அரசரையும் அடக்குவர். ஈண்டு ஒன்றை நோக்குதல் வேண்டும். பூதமும் ஆசிரியரும் ஒரே நூற்பாவின் உரைக்குள் வந்து நிற்கின்றனர். ஆகவே, ஆசிரியர் பூதத்தைக் காட்டி அச்சுறுத்தும்போது குழந்தைக்கு உண்டாவது ஓர் அச்சம் அன்று. இரண்டு அச்சங்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. அவ்வச்சத்தின் நடுவே கல்வி புகுதற்கு வழியில்லை.

திருவள்ளுவர் இதனை வேறொரு வகையால் உணர்த்துகின்றார். ‘வெருவந்த செய்யாமை’ என்னும் அதிகாரத்தில் (565), காண்டற்கு அரியனாய் இனிமையற்ற முகம் உடையவனது பெருஞ்செல்வம் பேயால் காக்கப்பெற்ற செல்வத்தைப் போன்றது என்கின்றார். அரசனுக்குக் கூறிய இதனை ஆசிரியர்க்கும் கொள்ளலாம். கடுமுகம் காட்டும் ஆசிரியரது கல்வி எத்துணைப் பெரிதாயினும், மாணவன் நெருங்கி எடுத்தற்கு ஆகாதது.

இனி மருட்கையைக் காண்போம். வியப்பு எனப்படும் அம்மெய்ப்பாட்டிற்குத் தொல்காப்பியர் கூறும் நிலைக்களன்கள் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பன. ஆக்கமாவது ஒன்று மற்றொன்றாகத் திரிதல். பூதம் என்னும் கற்பனையை நோக்கின், இந்நான்கும் அதன்பால் ஒருங்கே உள்ளன. முன் கண்டறியாத உருவம் அதன் புதுமை. வானளாவ வளர்தல் பெருமை. குடத்துக்குள்ளும் சிமிழுக்குள்ளும் ஒடுங்குதல் சிறுமை. ஓர் உருவம் மற்றோர் உருவாதல் ஆக்கம். இவற்றைப் பாடங்களோடு பொருத்தின், புதுமை மொழிக்கும் ஓவியத்திற்கும், பெருமையும் சிறுமையும் கணக்கிற்கும், ஆக்கம் இயற்கை அறிவிற்கும் வாயிலாக அமையும். எனவே பூதத்தைப் பல பாடங்களின் நடுவே நிறுத்தலாம் என்பது இடர்ப்பட்டுப் பொருத்திய பொருத்தம் அன்று. அப்பொருளின் இயல்பிலேயே உள்ளது.

ஆனால், ஒரே பூதம் அச்சத்திற்கும் மருட்கைக்கும் களனாதல் எவ்வாறு? அச்சம் மருட்கையாக மாறும் இடம் யாது? இதுவே ஆசிரியர் அறியவேண்டிய வினா.

அப்பூச்சி காட்டும் பிள்ளை

இவ்வினாவுக்குப் பெரியாழ்வாரிடம் விடை காண்கின்றோம். அவர்தம் திருமொழியின் இரண்டாம் பத்து, கண்ணன் அப்பூச்சி காட்டும் விளையாட்டுடன் தொடங்குகின்றது. கண்ணிமையை மடக்கியும் உருவத்தை மாற்றியும் பிறரை வெருட்டும் சிறுவர் விளையாட்டு அது. அங்கே வெருட்டுபவர் பெரியவர் அல்லர், பிள்ளையே வெருட்டுகின்றான். ஆய்ச்சியர் அஞ்சுவதாகக் கூறினும், அவ்வச்சத்தினூடே உவகை ஒழுகுகின்றது. பெரியவர் குழந்தைக்குப் பூச்சி காட்டினால் அது அச்சுறுத்தல். குழந்தை பெரியவர்க்கு அப்பூச்சி காட்டினால் அது விளையாட்டு. உருவம் ஒன்றே, காட்டுபவர் வேறு. அச்சம் மருட்கையாகவும் நகையாகவும் மாறும் இடம் இதுவே.

மேனாட்டிலும் இவ்வுண்மை உணரப்பெற்றது. மாரிசு செண்டாக் என்னும் அமெரிக்க ஓவியர் 1963இல் வெளியிட்ட படக்கதையில், குறும்பு செய்து இரவு உணவின்றி அறைக்கு அனுப்பப்பெற்ற சிறுவன் ஒருவன் கொடிய விலங்குருவங்கள் வாழும் இடத்திற்குக் கற்பனையில் செல்கின்றான். இமையாது நோக்கி அவற்றை அடக்கி, அவற்றிற்கு அரசனாகின்றான். மீண்டு வரும்போது அவனுக்குரிய உணவு இன்னும் சூடாறாமல் இருக்கின்றது. இந்நூல் அடுத்த ஆண்டே அந்நாட்டுச் சிறுவர் படநூலுக்குரிய கால்டெகாட்டு விருதைப் பெற்றது. கண்ணனும் அச்சிறுவனும் கண்ணையே கருவியாகக் கொண்டமை ஒப்புநோக்கத்தக்கது. பூதத்தின் கண் குழந்தையைக் காணும் வரை அச்சம் நிற்கும். குழந்தையின் கண் பூதத்தைக் காணத் தொடங்கின் அச்சம் தளரும்.

ஆகவே, நாம் இக்கட்டுரையில் வற்புறுத்தும் கருத்து ஒன்றே. வகுப்பறையில் பூதத்தை ஆசிரியர் காட்டுதல் கூடாது. குழந்தைகளே ஆக்குதல் வேண்டும்.

ஒரு வகுப்பில் கண்டது

தென் மாவட்டச் சிற்றூர் ஒன்றின் தொடக்கப்பள்ளியில் சில நாள் அமர்ந்து நோக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. முதல் இரண்டு வகுப்புகளும் ஒரே அறையில் நடைபெற்றன, குழந்தைகள் இருபதின்மர். பள்ளி முற்றத்தில் முதிர்ந்த புளியமரம் ஒன்று இருந்தது. அதனடியில் தண்ணீர்க்குடம் வைக்கப்பெற்றிருந்தது. முதல் வகுப்புச் சிறுமி ஒருத்தி நண்பகல் வரை தண்ணீர் பருகாமல் இருப்பதை ஆசிரியை கண்டார். புளியமரத்தில் பூதம் இருக்கிறதென்று வீட்டார் சொல்லி வைத்திருந்தனர்.

‘பூதம் என்று ஒன்றும் இல்லை’ என்று ஆசிரியை கூறவில்லை. “அது எவ்வளவு பெரிசு, கண்ணு?” என்று கேட்டார். சிறுமி சிறிது எண்ணி, “மரத்தளவு உசரம், டீச்சர்” என்றாள். “அப்படியா? மரம் எவ்வளவு பெரிசுன்னு அளந்து பார்ப்போமா?” என்றார் ஆசிரியை. அன்று பிற்பகல் வகுப்பு முழுவதும் மரத்தடிக்குச் சென்றது. சிறுமி மட்டும் படியிலேயே நின்றாள். மற்றக் குழந்தைகள் அடிமரத்தைச் சுற்றிக் கயிறு பிடித்தனர். அக்கயிற்றைக் கொண்டுவந்து அவள் முன் வைத்தனர். எத்தனை சாண் என்று அவளே எண்ணினாள்.

மறுநாள் பூதத்திற்கு எத்தனை பல் என்ற வினா எழுந்தது. அதற்கடுத்த நாள் அது என்ன உண்ணும் என்ற வினா எழுந்தது. சிறுமி அதனைச் சுவரில் ஒட்டிய பெருந்தாளில் வரைந்தாள். அதற்கு ஒரு பெயரும் இட்டாள். நான்காம் நாள் நடந்த விளையாட்டில் பூதமாக நின்று உறுமியவள் அவளே. ஐந்தாம் நாள் அவள் தண்ணீர்க்குடத்தை நோக்கிச் சென்றாள். தனியே அன்று, தோழியின் கையைப் பற்றிக்கொண்டு. அச்சம் முற்றும் நீங்கிற்று என்று நாம் கூறமாட்டோம். அளவில்லாதிருந்த பூதத்திற்கு ஓர் அளவு கிடைத்தது. அளவு கிடைத்தமையால் அதனோடு வாழ்தற்கு அவளுக்கு வழி கிடைத்தது.

வேறோர் ஊரில் இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்றையும் கேட்டறிந்தோம். வகுப்பை மகிழ்விக்க எண்ணிய ஒருவர், முன்னறிவிப்பின்றிப் பூத முகமூடி அணிந்து உள்ளே நுழைந்தார். பிள்ளைகள் பலர் சிரித்தனர். ஒரு சிறுவன் அலறினான். பல நாள் பள்ளிக்கு வரவில்லை. இரண்டு வகுப்பிலும் இருந்தது பூதமே. ஒன்றில் அது குழந்தையின் கையில் பிறந்தது. மற்றொன்றில் கதவைத் திறந்துகொண்டு வந்தது.

மொழிப்பாடம்

இனி ஒவ்வொரு பாடத்திலும் பூதம் பயன்படுமாற்றைக் கூறுவாம்.

‘பூதம்’ என்னும் சொல்லே நல்ல எழுத்துப்பாடம் ஆகும். ‘பூ’ நெடில், ‘த’ குறில், ‘ம்’ மெய். மூவகையும் மூன்றெழுத்தில் அடங்கின. முதலெழுத்தை மாற்றினால் பாதம், வேதம், கீதம் என்று சொற்கள் பெருகும். பேய், கூளி, அலகை, கழுது முதலாகப் பேயைக் குறிக்கும் பெயர்கள் பல நம் மொழியில் உள்ளன. மூன்றாம் வகுப்பினர்க்கு இவற்றுள் இரண்டு மூன்றை அறிமுகம் செய்யலாம். ஒரு பொருளுக்குப் பல பெயர் உண்டு என்பதைக் குழந்தை அறிதற்கு இதனினும் இனிய வாயில் அரிது.

பூதம் நடந்தால் தடதட என்னும்; பல்லைக் கடித்தால் நறநற என்னும்; முறுக்கைத் தின்றால் மொறுமொறு என்னும்; நிலம் கிடுகிடு என்று ஆடும். இரட்டைக்கிளவி பிரிந்து வாராது என்பது தொல்காப்பியர் கண்ட இலக்கணம். குழந்தைக்கு அவ்விலக்கணத்தைக் கூற வேண்டா. ஒருமுறை மட்டும் ‘தட’ என்று சொல்லச் செய்தால், பூதம் நடக்கவில்லை என்று குழந்தையே கூறிவிடும்.

ஓயாது வேலை கேட்கும் பூதத்தின் கதை நம் நாட்டில் பரவலாக வழங்குவது. ஒருவனிடம் ஏவல் செய்ய வந்த பூதம், வேலை கொடாவிடின் அவனையே விழுங்கிவிடுவதாகக் கூறும். கொடுத்த வேலைகளை நொடியில் முடித்துவிடும். முடிவில் நாய்வாலை நிமிர்த்துமாறு பணிக்கப்பெற்று, அதிலேயே சிக்குண்டு கிடக்கும். இக்கதையை நடிக்கும்போது ஏவல் வினைகள் தாமே வருகின்றன. ‘ஓடு, நில், பாடு, குனி, எடு’ என்று குழந்தை ஏவ, பூதமாக நிற்கும் மற்றொரு குழந்தை செய்யும். ஏவல் வினையைப் பயிற்றுதற்கு ஏற்ற களம் இது. அதனினும் சிறந்த பயன் ஒன்றுண்டு. பெரியவரது ஏவலையே கேட்டுப் பழகிய குழந்தை, ஈண்டுத் தன்னினும் பெரியதொன்றை ஏவுகின்றது. பேசத் தயங்கும் பிள்ளைகளும் இவ்விளையாட்டில் வாய் திறத்தலைக் கண்டோம்.

கணக்கு

பெருமை, சிறுமை என்னும் இரண்டும் அளவை நோக்கிச் செல்வன. ‘மிகப் பெரியது’ என்று குழந்தை கூறுமிடத்து, ‘எதனினும் பெரியது?’ என்று ஆசிரியர் வினவின் கணக்கு தொடங்கிவிடும். பூதத்தின் அடிச்சுவட்டைத் தரையில் வரைந்து, அதனைச் சாணால் அளக்கச் செய்யலாம். குழந்தை அளந்தால் ஓர் எண் வரும். ஆசிரியர் அளந்தால் வேறோர் எண் வரும். ‘பூதம் அளந்தால் எத்தனை சாண்?’ என்று கேட்டால் வகுப்பு சிரிக்கும். ஒருசாணே போதும் என்னும். அளக்கும் கருவி பெரிதாயின் அளவெண் குறையும் என்பதும், எல்லார்க்கும் பொதுவான அலகு வேண்டும் என்பதும் இதனால் விளங்கும். இந்தியாவில் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் அளவை பொதுவாக்கப்பெற்றதன் தேவையையும் இவ்வடிச்சுவடே விளக்கும்.

பெரிய எண்களுக்குக் கம்பர் துணைசெய்கின்றார். துயிலெழுந்த கும்பகருணன் 600 வண்டிச் சோற்றை உண்டதாகவும், அதன் பின்னரும் அவன் பசி வளர்ந்ததாகவும் அவர் பாடுகின்றார். 600 என்னும் எண் ஏழு அகவைக் குழந்தைக்கு வெறும் சொல். இருபது குழந்தைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரும் 30 வண்டிகளை வரையட்டும். பத்துப் பத்தாகக் கோத்துச் சுவரில் ஒட்டட்டும். 60 பத்துகள் 600 ஆதலையும், பத்துப் பத்துகள் ஒரு நூறாதலையும் கண்ணாரக் காண்பர். முதல் வகுப்பினர்க்கு இவ்வளவு வேண்டா. பத்து இட்டிலியில் நான்கைத் தின்ற குட்டிப்பூதம் போதும்.

கும்பகருணன் கதை கணக்கோடு நில்லாது. தமையன் செய்தது தவறென்று அஞ்சாது கூறியவன் அவன். கூறியபின் அவனைக் கைவிடாது போரில் மடிந்தவனும் அவனே. உருவத்தால் அரக்கனாயினும் உள்ளத்தால் அவன் எத்தகையன் என்று மூன்றாம் வகுப்பினரை வினவலாம். தோற்றம் வேறு, இயல்பு வேறு என்பதை அவர்கள் உணர்தற்கு இது தொடக்கம்.

இயற்கை அறிவு

ஆக்கம் என்பதற்கு இயற்கையில் எடுத்துக்காட்டுக்குக் குறைவில்லை. எருக்கஞ்செடியில் வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு வாழ்கின்றது. கருமையும் வெண்மையும் மஞ்சளும் கலந்த வரிகளும், கொம்பு போன்ற மூன்றிணைக் கரிய உறுப்புகளும் கொண்ட அது, உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழே பூதம்போலவே தோன்றும். அதுவே கூட்டுப்புழுவாகிப் பின்னர்ச் சிறகுடன் வெளிவருவதைக் குழந்தைகள் நாள்தோறும் கண்டு குறிக்கலாம். எருக்கின் பால் கண்ணிற் படாதவாறு காத்தல் ஆசிரியர் கடமை.

நிழலும் ஒரு பூதமே. விளக்கின் முன் தாள்பொம்மையைப் பிடித்தால் சுவரில் நிழல் விழும். பொம்மையை விளக்கை நோக்கிக் கொண்டுசென்றால் நிழல் பெருகும். விளக்கை விட்டு அகற்றினால் சுருங்கும். இருட்டில் சுவரில் ஆடும் உருவத்தைத் தன் கையே ஆக்கியது என்று கண்ட குழந்தைக்கு, அன்றிரவு வீட்டுச் சுவர் சிறிது வேறாகத் தோன்றும்.

புளியமரத்தைப் பற்றியும் ஒன்று கூறுதல் தகும். இரவில் மரம் வெளிவிடும் கரியமில வாயுவால் மூச்சு முட்டுதலையே பேய் என்றனர் முன்னோர் என்று விளக்குவார் பலர். மரம் இரவில் அவ்வாயுவை வெளிவிடுதல் உண்மையே. ஆயின் திறந்தவெளியில் உறங்குபவனுக்கு மூச்சு முட்டச் செய்யும் அளவினதன்று அது. ஒரு பேயை விரட்ட மற்றொரு பேயை வருவித்தல் அறிவியல் ஆகாது. புளியின் சிற்றிலைகள் இரவில் குவிந்து பகலில் விரிதலைக் குழந்தைகளைக் கொண்டு நோக்கச் செய்தலே தக்கது.

பூதம் என்னும் சொல்லுக்கு மற்றொரு பொருளும் உண்டு. நிலம், நீர், தீ, வளி, விசும்பு என்னும் ஐந்தையும் பூதம் என்றனர் நம் முன்னோர். உலகம் இவ்வைந்தும் கலந்த மயக்கம் என்றார் தொல்காப்பியர். ஐம்பூதங்களையும் ஐந்து பாத்திரங்களாக்கி மூன்றாம் வகுப்பினர் நடிக்கலாம். இன்றைய வேதியியல் கூறும் தனிமங்கள் இவை அல்ல என்பதை மட்டும் ஆசிரியர் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

ஓவியமும் சிற்பமும்

பல்லவர், சோழர் கோயில்கள் பலவற்றில் கபோதம் எனப்படும் கூரைப்பிதுக்கத்தின் கீழே பூதவரி என்னும் சிற்ப வரிசை உண்டு. பருத்த வயிறும் குறுகிய காலும் உடைய பூதகணங்கள் குழலூதியும், முழவு கொட்டியும், ஆடியும், நகைத்தும் நிற்கும். அவற்றைக் கண்டு அஞ்சுவார் யார்? தமிழ்ச் சிற்பி பூதத்தை அச்சத்தினின்றும் நகைக்கு மாற்றிப் பல நூற்றாண்டுகள் ஆயின. அருகில் உள்ள கோயிலுக்குக் குழந்தைகளை அழைத்துச் சென்று, ஒவ்வொருவரும் தமக்கு விருப்பமான ஒரு பூதத்தைத் தேர்ந்து களிமண்ணில் செய்யுமாறு கூறலாம்.

தூண்களில் உள்ள யாளியும் நற்பாடமே. அரிமாவின் உடலும் யானையின் துதிக்கையும் கலந்த அதன் உறுப்புகள் எவ்வெவ்விலங்கிற்கு உரியன என்று பிரித்தறிதல் இயற்கைப் பாடம். புதிதாகக் கூட்டுதல் ஓவியப் பாடம். யானையைத் தாக்கும் ஆளி சங்கச் சான்றோர் பாடல்களிலும் வருதலின், குழந்தையின் கையில் உருவாகும் களிமண் யாளி நெடிய மரபொன்றின் தொடர்ச்சியாகும்.

விலக்க வேண்டுவன

இலக்கியத்தில் உள்ளன எல்லாம் சிறுவர் வகுப்பிற்கு உரியன அல்ல. சிலப்பதிகாரத்துச் சதுக்கப்பூதம் பொய்ச்சான்று கூறியவனைப் பாசத்தாற் கட்டும். அவனுக்காகத் தன் உயிரைக் கொடுக்கக் கோவலன் முன்வந்தும் அது ஏலாது. அறத்தின் கடுமையும் அருளின் மென்மையும் எதிர்ப்படும் அரிய இடம் அது. ஆயின், தாயின் கண்முன் மகன் விழுங்கப்படும் காட்சி ஆறு அகவைக் குழந்தைக்கு ஆகாது. ‘பொய் சொன்னால் சதுக்கப்பூதம் பிடிக்கும்’ என்று அதனைச் சுருக்கிக் கூறுவது காப்பியத்திற்கும் குழந்தைக்கும் ஒருங்கே செய்யும் தீங்கு. காப்பியம் பூச்சாண்டியாகிவிடும்.

கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார் காட்டும் பேய்கள் நகைச்சுவைக்குப் பெயர்பெற்றவை. அவற்றுள் நொண்டிப் பேயும் குருட்டுப் பேயும் ஊமைப் பேயும் உண்டு. பரணியைப் பயிலும் நாம் அவற்றைப் போர்க்கள நகையாகக் கொண்டு கடந்து செல்கின்றோம். ஆனால், ஊன்றுகோலுடன் வரும் சிறுவன் அமர்ந்திருக்கும் வகுப்பில் அந்நகை அவன்மேல் விழும். உடற்குறையைப் பூதத்தின் அடையாளமாக்குதல் ஒருபோதும் கூடாது.

நிறத்தைப் பற்றியும் இதனையே கூறுதல் வேண்டும். பூதம் என்றவுடன் கரிய வண்ணத்தை எடுக்கும் வழக்கம் நம் பாடநூல் ஓவியங்களிலும் திரைப்படங்களிலும் வேரூன்றியுள்ளது. நாம் முன்னர்க் கூறிய வகுப்பில் ஒரு சிறுவன் பூதத்திற்குக் கருமை தீட்டியபின், பக்கத்தில் இருந்தவனைச் சுட்டி அவன் பெயரையே அதற்கு இட்டான். சுட்டப்பட்டவன் எதுவும் கூறவில்லை. தன் கையை மேசைக்கடியில் மறைத்துக்கொண்டான். ஆசிரியை அக்கணமே வண்ணப்பெட்டியை அனைவர்க்கும் நடுவே கவிழ்த்து, கண்ணை மூடிக் கையில் அகப்பட்ட வண்ணத்தையே தீட்டுமாறு பணித்தார். பச்சையும் ஊதாவும் செம்மஞ்சளுமாகப் பூதங்கள் பிறந்தன. சிறிய செயல் அது. ஆயினும் அச்சிறுவனின் கை மேசைமேல் மீண்டது.

இவற்றோடு, அஞ்சும் குழந்தைக்கு விலகி நிற்கும் உரிமை வேண்டும். படியில் நின்ற சிறுமியை ஆசிரியை மரத்தடிக்கு இழுத்துச் செல்லவில்லை. கயிறே அவளிடம் வந்தது. இம்முறையின் வெற்றி அதில் உள்ளது.

முடிவுரை

பேய்களுக்கு அஞ்சுதல் கூடாதென்று பாரதியார் புதிய ஆத்திசூடியில் சிறார்க்கு அறிவுறுத்தினார். அவ்வறிவுரையை நிறைவேற்ற இரண்டு வழிகள் உள்ளன. ‘பேய் இல்லை’ என்று கூறி அச்சொல்லையே வகுப்பினின்றும் நீக்குதல் ஒன்று. பேயைக் குழந்தையின் கையில் கொடுத்து அளக்கவும், வரையவும், ஏவவும், நகைக்கவும் செய்தல் மற்றொன்று. முன்னையது விரைவில் முடிவது. ஆயின் வீட்டிலும் தெருவிலும் குழந்தை கேட்கும் சொல்லை அது அழிக்காது. பின்னையது மெல்லச் செல்வது. எனினும் நின்று பயன் தருவது. மெய்ப்பாட்டியலின் நெறியில் கூறின், அணங்கினால் பிறந்த அச்சத்தைப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கு வாயிலாலும் மருட்கையாக்கி, நகையில் முடித்தலே இம்முறை.

இதற்கு வேண்டுவன விலையுயர்ந்த கருவிகள் அல்ல. ஒரு கயிறு, சிறிது களிமண், விளக்கு, தாள், வண்ணம் ஆகியன போதும். ஆயின் தேர்ந்த கதைகளும் தெளிந்த சொற்களும் வேண்டும். அவற்றைத் தருதல் தமிழ் பயின்றவர் பொறுப்பு. பரணியையும் காப்பியத்தையும் ஆராயும் மாணவர், ஆண்டுக்கொரு முறையேனும் தொடக்கப்பள்ளி ஒன்றில் சென்று அமர்ந்து, தாம் கற்ற பூதங்களுள் எது அங்குள்ள குழந்தையின் கையில் உயிர்பெறும் என்று நோக்குவாராயின், இரு கல்விக்கும் நன்மை விளையும். அச்சிற்றூர்ப் பள்ளியின் சுவரில் ஒட்டிய பெருந்தாளில் பூதத்தின் அருகே சிறுமி தன்னையும் வரைந்திருந்தாள். பூதத்தைவிடச் சற்றே உயரமாக வரைந்திருந்தாள்.